ஏறாத சார்ஜும் எரிந்துபோன பல்புகளும்

மூன்று நான்கு வருடங்களுக்கு முன்பு, புனேயில் கோர்படி பக்கம் ராணுவக் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது நடந்தது இது. மழை ஓய்ந்து தசரா நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணவருக்கு எல்லைப் பக்கம் போஸ்டிங் வந்தது. குடும்பத்தை அழைத்துக்கொண்டு போக முடியாத இடம். நானும் நான்கு வயது மகளும் குவார்ட்டர்ஸிலேயே இருந்துகொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. வேலூர் பக்கம் எங்கள் ஊருக்கே போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் மகள்தான்.

அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. அது தெரியவே தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு காதுக்கும் கருவி மாட்டிவிட்டார்கள். கருவி மாட்டினால் மட்டும் பேச்சு வந்துவிடாதாம், சத்தம் என்றால் என்னவென்பதையே பழக்க வேண்டுமாம். அதற்காகப் பிம்ப்ரியில் ஒரு பயிற்சி மையத்தில் இடம் வாங்கியிருந்தோம். வாரத்தில் சில நாட்கள், காலை முதல் வகுப்பு. தாயும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தை அடிக்கடி வராமல் போனால், காத்திருக்கிற அடுத்த குழந்தைக்கு அந்த இடம் போய்விடும். அதை அவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வெளியே அத்தனை குழந்தைகள் காத்திருந்தார்கள்.

கோர்படியிலிருந்து பிம்ப்ரி நல்ல தூரம். மெட்ரோ அப்போது பாதி வழிதான் ஓடியது. பஸ் மாறிப் போனால் கூட்டத்தில் மகளின் காதுக் கருவி கழன்று விழும். ஆட்டோவில் போய்வரக் கட்டுப்படியாகாது. மிச்சம் இருந்தது என் கணவரின் பழைய மோட்டார் சைக்கிள். கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கியது. பரேடு கிரவுண்டை ஒட்டிய சாலையில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். புனேயில் பெண்கள் வண்டி ஓட்டுவதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முகத்தைத் துப்பட்டாவால் மூடிக் கட்டிக்கொண்டால் நாமும் ஊரோடு ஊர்.

கிளம்புவதற்கு முன் கிடைத்த விடுப்பில் அவர் அந்த வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். எண்ணெய் மாற்றினார், செயினை மாற்றினார், துருவைத் தேய்த்தார், சட்டம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். அவர் பட்டாளத்தில் சமையல் பிரிவு. ஆனாலும் பட்டாளத்துக்காரர்களுக்குப் பெயின்ட் ஒரு வியாதி. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் கேம்ப்பில் மரம், கல், வாளி எதையும் விட மாட்டார்கள். சுண்ணாம்பும் காவியும் அடித்துத் தள்ளுவார்கள். அதற்கு அவர்கள் சூனா கேரு என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வண்டியும் அப்படித்தான் ஆனது. தசராவுக்கு முன்பே சாமந்தி மாலை போட்டு, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாவியை என் கையில் கொடுத்தார்.

"இனிமே ரெண்டு வருசத்துக்கு இதுல கை வெக்க வேணாம். ஜம்முனு ஓடும்" என்றார்.

அவர் ரயில் ஏறிய வாரமே வண்டி படுத்துவிட்டது.

காலையில் மகளைக் கிளப்பி, கருவியை மாட்டி, வண்டியில் உட்காரவைத்து ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த வண்டிக்குப் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான் எஞ்சின் பிடிக்கும். கிக்கர் இருந்தும் உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். அன்று வகுப்பு போனது.

குடியிருப்புக்கு வெளியே ஒரு மெக்கானிக் இருந்தார். பேட்டரி இறங்கிவிட்டது என்று கழற்றி சார்ஜ் போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. அப்புறம் மறுபடியும் 'டிக்'. பேட்டரி பழசு பாபி, மாற்றிவிடலாம் என்றார். மாற்றினேன். ராணுவக்காரர் மனைவி என்றால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் நாங்கள் பாபி, அதாவது அண்ணி. புதுப் பேட்டரியும் அந்த வாரக் கடைசியில் மயங்கி விழுந்தது.

என் கணவர் இருந்த இடத்தில் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் பாதிப் பேச்சு காற்றில் போகும். விஷயத்தைச் சொன்னேன்.

"சாவிய அணைக்காம வுட்டுட்டியா?"

"இல்லைங்க. அணைச்சிட்டுதான் மேல வந்தேன்."

"நல்லா யோசிச்சிப் பாரு. நான் எல்லாத்தையும் பாத்துட்டுதான வந்தேன்..."

அதோடு லைன் போய்விட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. ஒருவேளை நான்தான் மறந்துவிட்டேனோ? அன்றிலிருந்து கதவைப் பூட்டியபின் இறங்கிப் போய்ச் சாவித் துவாரத்தைப் பார்த்துவிட்டு வருவேன். மேலே வந்ததும், பார்த்தேனா இல்லையா என்று அடுத்த சந்தேகம் வரும். மேல் வீட்டு அம்மாள் ஒருத்தி, புதுசாகப் பளபளவென்று இருக்கிற வண்டிமேல் கண் பட்டிருக்கும் என்றாள். எனக்கு இதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் வாங்கிக் கட்டினேன். கட்டிய மறுநாளும் 'டிக்'.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து ஆரம்பித்தது. ஹெட்லைட் பல்பு எரிந்துபோனது. மாற்றினால் அடுத்த சில நாளில் அதுவும் போனது. வெளிச்சம் குறைந்தெல்லாம் போகாது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பளீரென்று வெள்ளையாக எரியும், அடுத்த நொடி இருட்டு. பிம்ப்ரியில் பயிற்சி மையத்துக்கு எதிரே இருந்த மெக்கானிக்கிடம் காட்டினேன்.

"பாபி, கரண்ட் ஜ்யாதா ஆ ரஹா ஹை" என்றார். கரண்ட் அதிகமாக வருகிறதாம். அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் என்ற சின்னப் பெட்டி போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாட்டினார்.

இரண்டு நாள் கழித்து வண்டி நின்றது. கோர்படி மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார், "பாபி, கரண்ட் கம் ஆ ரஹா ஹை." குறைவாக வருகிறதாம். எஞ்சினுக்குள் கரண்ட் உற்பத்தி செய்கிற காயில் பலவீனமாகிவிட்டதாம். எஞ்சினைத் திறக்க வேண்டுமாம்.

நான் நடுத்தெருவில் நின்றேன். ஒருவர் கூடுதல் என்கிறார், ஒருவர் குறைச்சல் என்கிறார். பல்பைப் பார்த்தால் அவர் சொல்வது சரி, பேட்டரியைப் பார்த்தால் இவர் சொல்வது சரி. ஒரே வண்டியில் ஒரே கரண்ட் எப்படிக் கூடவும் குறையவும் செய்யும்? இருவரில் ஒருவர் ஏமாற்றுகிறார் என்றாலாவது சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். இருவருமே என் கண் முன்னால் வேலை செய்தார்கள், இருவருமே என் மகளைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தண்ணீர் காயவைத்த அடுப்பை அணைத்தேனா, இல்லையா என்றுகூட அந்த நாட்களில் எனக்குக் குழப்பம் வந்தது.

வகுப்புகள் தவறிப் போய்க்கொண்டே இருந்தன. சில நாள் பஸ்ஸில் இடிபட்டுப் பாதி வகுப்பில் போய்ச் சேர்ந்தேன், சில நாள் போகவே முடியவில்லை. மகள் அப்போதுதான் ஒரு படி ஏறியிருந்தாள். பயிற்சி தரும் மேடம் அவளுக்குப் பின்னால் நின்று டமாரம் தட்டுவார். சத்தம் கேட்டால் கையில் இருக்கிற பாசிமணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். பல வாரம் எதையும் போடாதவள், ஒரு நாள் திடீரென்று போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். நடுவில் விட்டால் இதை மறந்துவிடுவாள் என்று மேடம் சொன்னார். அடுத்த முறை தனியாகக் கூப்பிட்டு, "நீங்கள் கஷ்டப்படுவது தெரிகிறது. ஆனால் இன்னொரு முறை வராவிட்டால் என்னால் இடத்தைப் பிடித்துவைக்க முடியாது" என்றார். மராத்தியும் இந்தியும் கலந்து மெதுவாகத்தான் சொன்னார். அப்படி மெதுவாகச் சொன்னது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அதற்கடுத்த வகுப்பு நாளில் சீக்கிரமே கிளம்பினேன். முந்தின நாள்தான் பேட்டரியைச் சார்ஜ் போட்டு வாங்கியிருந்தேன். சரி, இன்றைக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியம். தாபோடி வரை வந்தேன். அங்கே வண்டி இரண்டு தடவை குலுங்கி, செருமி, நடு ரோட்டில் நின்றது. பின்னால் பஸ் ஹாரன், லாரி ஹாரன். மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரமாகத் தள்ளினேன். ஹாரனை அமுக்கினேன், வரவில்லை. ஸ்டார்ட்டரை அமுக்கினேன், அந்த 'டிக்'கூட வரவில்லை. ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. காலை நேரத்தில் அந்த ரோட்டில் யார் நிற்பார்கள்? நான் தமிழில், சத்தமாக, வண்டியைத் திட்டினேன். கூடவே என் கணவரையும் திட்டினேன் என்று ஞாபகம்.

அதைக் கேட்டுத்தான் ஒரு ஸ்கூட்டர் நின்றது. என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

"தமிழா அக்கா? நானும் தமிழ்தான். பேச தோடா தோடாதான் வரும்" என்றாள். தாபோடியில் பிறந்து வளர்ந்தவள், அப்பா காலத்திலேயே இங்கே வந்த குடும்பம் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். வண்டி, வகுப்பு, இடம் போய்விடும், எல்லாம். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ.

"எங்க வீட்டு கல்லி இதோ இங்கதான். வண்டிய அங்க நிறுத்துங்க, யாரும் தொட மாட்டாங்க. பேட்டியோட ஏறுங்க, நான் சோடிட்டு போறேன்."

தோடா என்றால் கொஞ்சம், கல்லி என்றால் சந்து, பேட்டி என்றால் மகள், சோடிட்டு என்றால் கொண்டுபோய் விட்டுவிட்டு. நான் தயங்கினேன். அவளுக்கு வேலைக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன். அவள் கம்பெனியும் பிம்ப்ரிதான், ஆனால் வேறு பக்கம். அட்டையைப் பஞ்ச் செய்கிற நேரம் தாண்டினால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே மகளைத் தூக்கி முன்னால் நிறுத்திக்கொண்டாள். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மையத்தின் வாசலில் எங்களை இறக்கிவிட்டபோது கதவு திறந்துதான் இருந்தது. நான் திரும்பி நன்றி சொல்வதற்குள் ஸ்கூட்டர் போய்விட்டது.

உள்ளே போனால் அடுத்த சோதனை. அன்று இடது காதுக்கு மட்டும் பயிற்சி என்று வலது கருவியைக் கழற்றிவைத்துவிட்டு மேடம் டமாரம் தட்டினார். மகள் அசையவில்லை. இன்னொரு முறை தட்டினார். மணி கையிலேயே இருந்தது. மறந்தேவிட்டாளா? மேடம் அவள் காதிலிருந்து இடது கருவியைக் கழற்றித் தன் காதருகே வைத்துப் பார்த்தார், புது செல் போட்டுப் பார்த்தார், சத்தம் இல்லை. பிறகு செல் உட்காரும் இடத்தைத் திறந்து, அங்கிருந்த மெல்லிய தகட்டைப் பஞ்சால் அழுத்தித் துடைத்தார். பஞ்சு பச்சையாக வந்தது. வியர்வையில் களிம்பு ஏறியிருந்தது.

"மெஷின் டீக் ஹை, செல் டீக் ஹை. பீச் மே டச் நஹி ஹோ ரஹா தா" என்றார். கருவியும் நன்றாக இருக்கிறது, செல்லும் நன்றாக இருக்கிறது, நடுவில் தொடுகிற இடத்தில்தான் தொடவில்லை.

கருவியை மறுபடி மாட்டித் தட்டியதும் மகள் மணியைக் கிண்ணத்தில் போட்டாள். இடம் எங்களுக்கே இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தப் பச்சைப் பஞ்சுதான் கண்ணில் நின்றது. பேட்டரியை மாற்றியாகிவிட்டது, ரெகுலேட்டரை மாற்றியாகிவிட்டது. பொருளைத்தானே எல்லோரும் மாற்றினார்கள்? தொடுகிற இடத்தை யாராவது பார்த்தார்களா? பேட்டரி முனையைத் துடைத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒயருக்கு இரண்டு முனை உண்டே. எனக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது. தெரிந்தது அவ்வளவுதான் என்பதால் அதையே பிடித்துக்கொண்டேன்.

தாபோடியில் இறங்கி அந்தச் சந்துக்குப் போனேன். வண்டி வைத்த இடத்தில் அப்படியே நின்றது. மகளை ஒரு படியில் உட்காரவைத்து, சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பேனரை எடுத்தேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் பேட்டரி. அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கிளம்பி உள்ளே போனது. விரலால் தடவிக்கொண்டே போனேன். சீட்டுக்குக் கீழே வண்டியின் சட்டத்தில் ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. அதே போல்ட்டில் இன்னொரு ஒயரும் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பிம்ப்ரி மெக்கானிக் மாற்றிய அந்த ரெகுலேட்டர் பெட்டி.

போல்ட்டைக் கழற்றினேன். அதற்கு அடியில் கறுப்புப் பெயின்ட், கண்ணாடிபோலப் பளபளவென்று. ஒயர் வந்து இரும்பைத் தொட வேண்டிய இடத்தில், போல்ட் துளைக்குள்ளும்கூட, ஒரு பொட்டு விடாமல் அடித்திருந்தார் என் கணவர். அதிகாரி வந்து அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பார்த்திருந்தால் மெடல் கொடுத்திருப்பார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டுச் சாவியால் சுரண்டினேன். வெள்ளை இரும்பு தெரிகிறவரை, நகம் உடைகிறவரை சுரண்டினேன். இரண்டு ஒயரையும் வைத்து முறுக்கினேன். ஹாரனை அமுக்கினேன். சந்தே அதிர்ந்தது. படியில் உட்கார்ந்திருந்த என் மகள் சட்டென்று தலையைத் திருப்பி வண்டியைப் பார்த்தாள். இன்னொரு முறை அமுக்கினேன், இன்னொரு முறை பார்த்தாள். யாரோ மராத்தியில் சத்தம் போட்டுத் திட்டினார்கள். அதற்குப் பிறகும் ஒரு தடவை அமுக்கினேன். அப்புறம்தான் கிக்கரை உதைத்தேன். வண்டி பிடித்துக்கொண்டது.

மறுநாள் கோர்படி மெக்கானிக்கிடம் போய் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. போல்ட் கதையைச் சொன்னதும் அவர் யோசித்துவிட்டு எனக்கு விளக்கினார். அந்த ஒரு இடத்தில் தொடர்பு சரியில்லாததால் பேட்டரிக்குப் போக வேண்டியது போகவில்லை, மிச்சத்தை வாங்கி அடக்க வேண்டிய ரெகுலேட்டரும் அடக்கவில்லை, அது அத்தனையும் ஹெட்லைட்டில் போய் ஏறியது. கூடுதல் என்றவரும் சரி, குறைச்சல் என்றவரும் சரி. எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. பல்பு அதன்பிறகு எரிந்துபோகவில்லை. எனக்கு அது போதும்.

ஸ்கூட்டரில் எங்களைக் கொண்டுபோய் விட்டவளைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை தாபோடிக்குப் போனேன். அரை நாள் போனதா என்று கேட்டேன். "அது போகும் வரும் அக்கா, சா குடிங்க" என்றாள். அதற்குமேல் என்னைப் பேசவிடவில்லை.

கணவர் போன் செய்தபோது வண்டி எப்படி என்றுதான் முதலில் கேட்டார். ஒயர் கோளாறு, சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். பனியில் தனியாக உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் வேறென்ன சொல்வது?

அடுத்த விடுப்பில் வந்தார். வந்த மறுநாளே பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வண்டியிடம் உட்கார்ந்தார். சீட்டைத் தூக்கியவர் கண்ணில் நான் சுரண்டிய இடம் பட்டது.

"இன்னாது, இங்க இப்டி பேந்து கீது?" என்று பிரஷ்ஷை அதன் அருகே கொண்டுபோனார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிரஷ்ஷை டப்பாவின்மேல் குறுக்காக வைத்தார். அந்த வண்டியை எனக்காக எப்படித் தேய்த்தார், எப்படிப் பொட்டு வைத்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் மனதிலும் அதுதான் ஓடியிருக்கும்.

"பாப்பாவோட இடம் போயிடுச்சா?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"போவல" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் நிமிர்ந்தார். அந்த ஒரு வார்த்தையை அவர் முகத்துக்கு நேராக, பொய்யில்லாமல் என்னால் சொல்ல முடிந்தது என்றால், அன்று காலை தாபோடியில் ஸ்கூட்டரை நிறுத்தியவள்தான் காரணம். வண்டி ஏன் நின்றது என்று இன்று யார் கேட்டாலும் என்னால் விளக்கிச் சொல்லிவிட முடியும். அவசரமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருத்தி, முன்பின் தெரியாத எனக்காக அன்று ஏன் நின்றாள் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.